கிளவுட் இல்லாமல் மெஷ் ஓடாதாம்! யார் சொன்னது?

"மெஷ் வைஃபை வாங்கினால் கிளவுட் கணக்கு கட்டாயம். ஹாலிலிருந்து மாடிக்குப் போகும்போது போனை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிவிடுவதே கம்பெனியின் சர்வர்தான்."

கடைக்காரர் இதைச் சொல்கிறார். ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் தம்பியும் சொல்கிறார். அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அவ்வப்போது இதை எடுத்துவிடுகிறார். நெட்வொர்க் வேலையைப் பிழைப்பாக வைத்திருக்கும் எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொஞ்சம் உண்மை கலந்த பொய்யாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். பெட்டி மாற்றிவிடுவது சர்வர் என்பது முழுப் பொய்.

ஒரு ஆக்சஸ் பாயின்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவலாமா என்று முடிவெடுப்பது உங்கள் கையில் இருக்கும் போன். ஆப்பிள் தன் ஆவணத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறது. ஐபோனில் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் அது வேறு பெட்டியைத் தேட ஆரம்பிக்கும். மேக் கணினி மைனஸ் 75 வரை பொறுத்துக்கொள்ளும். பெட்டிகள் செய்வதெல்லாம் ஒத்தாசை. பக்கத்தில் எந்தெந்தப் பெட்டி இருக்கிறது என்ற பட்டியலைப் போனுக்குக் கொடுப்பது 802.11கே. 'நீ அங்கே போய்விடு' என்று யோசனை சொல்வது 802.11வி. மாறும் நேரத்தில் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்கமாக முடிப்பது 802.11ஆர். கேயும் ஆரும் 2008இல் வந்தவை, வி 2011இல் வந்தது. மெஷ்ஷுக்கென்றே எழுதப்பட்ட 802.11எஸ் தரமும் 2011தான். இவற்றில் எதிலும் கம்பெனி சர்வருக்கு வேலையே கிடையாது. வாட்ஸ்அப் கால் அறுபடாமல் இருக்க இந்த மாற்றம் மில்லிசெகண்ட் கணக்கில் முடிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் கடல் தாண்டிப் போய் அனுமதி வாங்கி வர முடியுமா? சொல்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவை அணையுங்கள், இல்லாவிட்டால் போன் நைசாக அதற்கு ஓடிவிடும். பிறகு மெயின் ரவுட்டரின் வான் போர்ட்டில் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு மாடிக்கு நடங்கள். திரையில் பிஎஸ்எஸ்ஐடி என்று ஒரு நீண்ட எண் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் அது வேறு. படியேறும்போது அந்த எண் மாறும். இன்டர்நெட் செத்துக் கிடக்கிறது, போனோ பெட்டி மாறிவிட்டது. எந்தக் கிளவுட் வந்து மாற்றியது?

அப்படியானால் கிளவுட் எதற்கு? பெரும்பாலும் செட்டிங் பக்கத்தைக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொள்வதற்கு. சொந்த வீட்டுக் கதவைத் திறக்க வெளியூர்க்காரரிடம் சாவி கேட்டு நிற்கிற பிழைப்பு இது. 2017 பிப்ரவரி 23 அன்று கூகுளின் கணக்கு அமைப்பில் ஒரு கோளாறு வந்தது. கூகுள் வைஃபை, ஆன்ஹப் பெட்டிகள் பல தாமாகவே ஃபேக்டரி ரீசெட் ஆகிவிட்டன. வீட்டுக்காரர் ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை. அதே ஆன்ஹப் 2015இல் வந்தது. 2022 டிசம்பர் 19க்குப் பிறகு அதன் வைஃபை செட்டிங்கை ஆப்பில் மாற்ற முடியாது என்று கூகுளே அறிவித்துவிட்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, சிக்னலும் வரும். விருந்தாளிக்குக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றத்தான் வழியில்லை.

2023 டிசம்பரில் யுபிக்விட்டி கம்பெனியின் கிளவுடில் கணக்குகள் கலந்துபோயின. சிலருக்கு அடுத்தவர் வீட்டு கேமராப் படம் தங்கள் போனில் வந்து நின்றது. 1,216 கணக்குகள் வேறு 1,177 கணக்குகளோடு தவறாகச் சேர்ந்துவிட்டன என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனியின் யூனிஃபையைக் கிளவுட் கணக்கே இல்லாமல், வீட்டுக்குள்ளேயே லோக்கல் கணக்கில் ஓட்டலாம். அப்படி ஓட்டுகிறவரிடம் கலந்துபோக என்ன இருக்கிறது?

ஆகவே கடையில் வேகத்தை விசாரிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "ஈமெயில் கொடுக்காமல், ஆப் போடாமல், நெட் இல்லாத நேரத்தில் பாஸ்வேர்டு மாற்ற முடியுமா?" ஈரோவிலும் கூகுள் வைஃபையிலும் முடியாது, அவற்றில் பிரவுசரில் திறக்கிற செட்டிங் பக்கமே இல்லை. ஆசஸின் ஏஐமெஷ்ஷில் முடியும். ஒமாடா, யூனிஃபை இரண்டுக்கும் கன்ட்ரோலர் என்ற மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணினியை அணைத்தாலும் வைஃபை ஓடும். பொறுமை உள்ளவர்களுக்கு மைக்ரோடிக், ஓபன்டபிள்யூஆர்டி. ஒரு எச்சரிக்கை: 'லோக்கல் வெப் பக்கம் உண்டு' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சில மாடல்களில் அது எத்தனை போன் இணைந்திருக்கிறது என்று வேடிக்கை பார்க்க மட்டும்தான் உதவும். எதையும் மாற்ற விடாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

கிளவுட் இருந்தால்தான் பாதுகாப்பா? தானாக அப்டேட் ஆகும் என்பது நல்ல விஷயம், மறுக்கவில்லை. லோக்கலில் வைத்துக்கொள்கிறவர் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும். 2018இல் மைக்ரோடிக்கில் ஓர் ஓட்டை தெரிந்தது, ஏப்ரலிலேயே அதற்கு அடைப்பும் வந்தது. அப்டேட் போடாமல் விட்ட லட்சக்கணக்கான ரவுட்டர்கள் அதற்குப் பிறகு திருடர் கைக்குப் போயின. செட்டிங் பக்கத்தை இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்காதீர்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

துபாயிலிருந்து வீட்டு ரவுட்டரைப் பார்க்கக் கிளவுட் வேண்டாமா? நம் ஊரில் பல ஃபைபர் கம்பெனிகள் ஒரே ஐபி எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுவதால் நேராக உள்ளே வருவது சிரமம்தான். அதற்கு டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் போதும். துபாயில் உட்கார்ந்து வீட்டு ரவுட்டரில் அப்படி எதைத்தான் மாற்றப் போகிறீர்கள் என்பது வேறு கேள்வி.

பெட்டி கூடினால் சிக்னல் கூடும் என்பதும் தப்பு. நெருக்கமாக நாலு பெட்டி வைத்தால் போன் கீழ்த்தளப் பெட்டியையே பிடித்துக்கொண்டு மாடியிலும் இழுக்கும், ஏனென்றால் அந்தச் சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே இறங்கவே இல்லை. இதற்கு மருந்து இன்னொரு பெட்டி வாங்குவதல்ல, 2.4 கிகாஹெர்ட்ஸின் டிரான்ஸ்மிட் பவரைக் குறைப்பது. அந்த செட்டிங்கும் பல கிளவுட் மாடல்களில் கண்ணில் காட்டப்படுவதில்லை. பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

பெட்டிகள் தங்களுக்குள் காற்று வழியாகவே பேசினால் வேகம் குறையும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் பெட்டியில் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ பாதி போய்விடும். கான்கிரீட் தளத்தைத் துளைத்து மாடிக்குப் போகும்போது மிச்சமும் தேயும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கேட் 6 கேபிள் ஓடினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. விலை குறைந்த ஆக்சஸ் பாயின்ட்கூட அப்போது மானம் காக்கும். லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுகிறார்கள். பூஜை அறைக்கு கிரானைட், போர்ட்டிகோவுக்கு விளக்கு எல்லாம் உண்டு. நெட்வொர்க் கேபிளுக்குப் பைப் போட்டார்களா என்றால் பதில் இல்லை. பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரை வெட்ட யாருக்கும் மனம் வராது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், தளம் ஒட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்: ஃபைபர் வந்து இறங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுக்கூரைக்கும் ஒரு இஞ்சு பைப் ஒன்று, கரன்ட் வயர் போகும் பைப்போடு சேர்க்காமல் தனியாக. உள்ளே இழுகம்பி ஒன்றையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.