ஒயரை இடம் மாற்றினால் காப்புரிமை கிடைக்குமா?

திருப்பூரிலிருந்தும் அவிநாசி, பல்லடம் பக்கமிருந்தும் காப்புரிமை வேலை கற்றுக்கொள்ள இப்போது பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் டெக்ஸ்டைல் படித்தவர்கள், சிலர் இசிஇ. சிலர் அப்பாவின் நிட்டிங் ஷெட்டில் எதையோ மாற்றிவிட்டு, அதற்குப் பேட்டன்ட் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள். இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: ‘இது துறையில் இருக்கிற யாருக்கும் தோன்றக்கூடியதுதானே?’ என்று சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து வரும் கேள்வியில்.

1. சட்டத்தின் வாசகத்தை முதலில் படியுங்கள். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2(1)(ஜேஏ) என்று ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. கண்டுபிடிப்பு ஏற்கெனவே தெரிந்ததைவிடத் தொழில்நுட்பத்தில் முன்னேறியிருக்க வேண்டும், அல்லது பொருளாதார முக்கியத்துவம் உள்ளதாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் இருக்கலாம். அதோடு, துறை அறிந்தவருக்கு அது வெளிப்படையாகத் தெரிந்துவிடக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் முன்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். “ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு மிச்சமாகுதுங்க” என்று நோட்டைப் பிரிப்பார்கள். மிச்சமாகட்டும், நல்லதுதான். ஆனால் பின்பாதிக்கு அந்த நோட்டு பதில் சொல்லாது.

2. துறை அறிந்தவர் யார் என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அவர் ஒரு கற்பனை ஆள். துறையில் இதுவரை அச்சில் வந்ததெல்லாம் அவருக்குத் தெரியும், ஜப்பானிய மொழிக் காப்புரிமை ஆவணம் உட்பட. கை வேலையும் தெரியும். புரட்சிகரமாக யோசிக்கத்தான் தெரியாது. வட்டப்பின்னல் எந்திரம் என்றால், நான் ஒரு நல்ல நிட்டிங் ஃபிட்டரை மனதில் நிறுத்திக்கொள்வேன்.

ஓர் உதாரணம். 30 இஞ்ச் டயா சிங்கிள் ஜெர்சி எந்திரத்தில் சுமார் 90 ஃபீடர் இருக்கும். எதிலாவது நூல் அறுந்தால் அந்த ஃபீடரில் விளக்கு எரியும், எந்திரம் நிற்கும். ஒரு தம்பி அந்த ஒயர்களை எல்லாம் ஒரு சின்ன டிஸ்ப்ளேவுக்குக் கொண்டுவந்து, ‘ஃபீடர் 47’ என்று எண் காட்டும்படி செய்திருக்கிறார் என்று வையுங்கள். உபயோகமான வேலை. ஆனால் விளக்கும் தெரிந்தது, டிஸ்ப்ளேவும் தெரிந்தது. எண்ணைக் காட்டினால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்பது நம் ஃபிட்டருக்கும் தோன்றும். இதை வைத்துக்கொண்டு கிண்டிக்குப் போனால் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அதே தம்பியிடம் இன்னொன்று கேளுங்கள்: “ஒயரை ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனாய்?” அவர் தயங்கித் தயங்கிச் சொல்லுவார். மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் கேபிளுக்குப் பக்கத்தில் போனால், நூல் அறாமலே எந்திரம் சும்மா சும்மா நின்றுவிடுகிறது. தள்ளி வைத்தும் பார்த்தார், கவசமிட்ட கேபிள் போட்டும் பார்த்தார், தீரவில்லை. கடைசியில் பக்கத்துப் பக்கத்து ஃபீடர்களின் ஒயர்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஜோடி சேர்த்ததும் அந்தத் தொல்லை நின்றது. இதைத்தான் அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தள்ளி வைப்பதும் கவசமிடுவதும் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும். அவை தோற்ற இடத்தில் எது ஜெயித்தது, ஏன் ஜெயித்தது என்பதில்தான் காப்புரிமைக்கான விஷயம் இருக்கிறது.

3. ஒயர் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கைப் படிக்காமல் இருக்காதீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2007 ஏப்ரல் 30. கார் ஆக்ஸிலரேட்டர் பெடல் பற்றியது. ஓட்டுநரின் உயரத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பெடல் முன்பே உண்டு. மின்னணு சென்சாரும் உண்டு. சென்சாரைப் பெடலின் அசையாத சுழல் மையத்தில் பொருத்தியதுதான் புதிது என்று காப்புரிமை கேட்டார்கள். அங்கே பழைய ஆவணம் ஒன்று குறுக்கே நின்றது. சென்சார் அசைகிற பாகத்தில் இருந்தால் ஒயர் உரசித் தேய்ந்து போகும், அசையாத பாகத்தில் வையுங்கள் என்று அது சொல்லியிருந்தது. நீதிபதிகள் ஒருமனதாக, சாதாரணப் பொறியாளருக்கும் இது தோன்றியிருக்கும் என்றார்கள். துறை அறிந்தவர் எந்திரப் பொம்மை அல்ல, சராசரி படைப்பாற்றல் உள்ளவர் என்பதும் அதே தீர்ப்பில் வருகிறது.

நம் எந்திரத்தில் சிலிண்டர் சுற்றும், துணி சுருட்டும் பகுதியும் சேர்ந்தே சுற்றும். சுற்றுகிற இடத்திலிருந்து ஒயரை எடுத்து, நிற்கிற வளையத்தில் வைத்தேன் என்று யாராவது வந்தால் அந்தப் பெடல் ஞாபகம் வரட்டும். அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அதே யோசனை நம் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர்களுக்கும் உண்டு.

4. டிஸ்ப்ளே பேனல் விண்ணப்பங்களை எடுத்துப் படியுங்கள். பனியன் ஊர்க்காரருக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். ஒயர் போகும் பாதையை மட்டும் வைத்துக் காப்புரிமை கேட்பதில் கொரியா, ஜப்பான், சீனக் கம்பெனிகளின் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். அந்த விண்ணப்பங்களுக்கு வந்த பரிசோதனை அறிக்கைகளையும் பதில்களையும் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

1080 பிக்சல் அகலமுள்ள எல்சிடி திரையில், சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்தால் மேலிருந்து கீழே 3,240 ஒயர்கள் வரும். அத்தனையும் கீழே இருக்கும் ஒரு சின்னச் சிப்புக்குள் போக வேண்டும். அதனால் ஒயர்கள் விசிறி மடிப்பாகக் குவியும். நடுவில் இருப்பது குட்டை, ஓரத்தில் இருப்பது நீளம். நீளம் கூடினால் மின்தடை கூடும், சிக்னல் தாமதிக்கும், திரையின் ஓரம் வேறுமாதிரி தெரியும். நடு ஒயரை வளைத்து வளைத்துப் போட்டு நீளத்தைச் சமமாக்குவது பழைய வித்தை. அதை இன்று எழுதிக்கொடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கீழ் விளிம்பைக் குறைக்க வேண்டும் என்று, ஓர ஒயர்களைத் திரையின் உள்ளேயே பிக்சல்களுக்கு அடியில் திருப்பிக் கொண்டுபோகிறார் ஒருவர் என்று வையுங்கள். ‘விளிம்பைக் குறைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள ஆசை, அடுக்கடுக்காக ஒயர் போடுவதும் தெரிந்ததே’ என்று பரிசோதகர் எழுதலாம். பதில் எங்கே இருக்கிறது? பிக்சலுக்கு அடியில் ஓடும் ஒயர் மேலே உள்ள ஒயரோடு மின்னேற்றத்தில் பிணைந்து, திரையில் கோடு விழ வைக்கும். அந்தக் கோடு விழாமல் இருக்க எந்த அடுக்கில், எந்தக் கவச ஒயருக்குப் பக்கத்தில் போட்டார் என்பதில் இருக்கிறது. அதுவும் உரிமைக்கோரலில் இருக்க வேண்டும். விளக்கத்தில் அழகாக எழுதிவிட்டு, கோரலில் ‘ஒயர் உள்ளே போகிறது’ என்று மட்டும் வைத்தால் பரிசோதகர் கோரலைத்தான் பார்ப்பார்.

5. அறிக்கையில் டி1, டி2 என்று இரண்டு ஆவணங்களைச் சேர்த்து ஆட்சேபம் வந்தால், ‘டி1-ல் இது இல்லை, டி2-ல் அது இல்லை’ என்று தனித்தனியாக மறுத்துப் பயனில்லை. சேர்த்தால் இருக்கிறது என்பதுதானே அவர் சொல்வது. இரண்டையும் சேர்க்க ஒருவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும், சேர்த்தாலும் நம்முடையது வருமா என்று எழுதுங்கள். அறிக்கையிலோ உத்தரவிலோ அந்தக் காரணமே சொல்லப்படவில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். அக்ரிபோர்டு வழக்கில் 2022 மார்ச் 31 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஏற்கெனவே இருந்தது என்ன, கேட்கப்படுவது என்ன, துறை அறிந்தவருக்கு அது எப்படித் தோன்றும் என்று மூன்றையும் பேசாமல் மறுக்கக் கூடாது.

6. பட்டறை மேம்பாட்டைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். மிர்சாபூரில் பாத்திரம் செய்கிறவர்களின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போனது. பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், தீர்ப்பு 1978 டிசம்பர் 13. லேத்தில் பாத்திரம் கடையும்போது பிடியிலிருந்து தெறித்துவிடும் ஆபத்து இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்க ஓர் ஏற்பாட்டைச் சேர்த்து, காப்புரிமை வாங்கியிருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ரத்து செய்ய, அமர்வு அதைக் காப்பாற்ற, கடைசியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. ஆபத்து குறைந்தது உண்மை, வேலை சுலபமானதும் உண்மை. ஆனால் தெரிந்த உறுப்புகளைத் தெரிந்தபடி சேர்த்ததில் கண்டுபிடிக்கும் திறன் எதுவும் வேலை செய்யவில்லை என்பது தீர்ப்பு. திருப்பூர்ப் பட்டறைகளில் தினமும் நடப்பதில் முக்கால்வாசி இந்த வகைதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. காப்புரிமை இல்லாமலும் அவற்றை விற்றுச் சம்பாதிக்கலாம்.

7. சேர்க்கைக்கும் கூட்டணிக்கும் வித்தியாசம் பாருங்கள். தெரிந்த சாதனங்களை வரிசை மாற்றியோ இரட்டிப்பாக்கியோ வைத்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தெரிந்த வேலையையே செய்தால், 3(எஃப்) பிரிவு அதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் பட்டறையைத் திரும்பத் திறக்க முடியாது என்றானது. ஆர்ஓ, அதன் பின்னால் ஆவியாக்கி, அதன் பின்னால் உப்பைப் படிகமாக்கும் கலன். மூன்றையும் வரிசையாக வைத்துப் படம் வரைந்தால் 3(எஃப்) வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வந்த யோசனையைப் பாருங்கள். உப்புநீரைக் கடைசிவரை காய்ச்சாமல், செறிவாக்கித் திரும்பச் சாயத்தொட்டிக்கே அனுப்புவது. அப்போது ஆவியாக்கியின் சுமை குறைகிறது, உப்பு வாங்கும் செலவும் குறைகிறது. ஒன்றின் வேலை இன்னொன்றை மாற்றுகிறது. இந்த மாதிரி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அந்த மாற்றத்தை எண்களோடு எழுதுங்கள். அப்போது பேச இடமிருக்கும்.

8. அளவை மாற்றியதற்கும் சில நேரம் மதிப்பு உண்டு. பெரிய எஞ்சின்களில் இரண்டு ஸ்பார்க் பிளக் முன்பே தெரிந்த சங்கதி. சின்ன எஞ்சினுக்கு என்று பஜாஜ் வாங்கிய 195904 எண் காப்புரிமையை வைத்து, ஓசூர் டிவிஎஸ்ஸின் ஃப்ளேம் வண்டிக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் தடை கொடுத்தார், 2009 மே மாதம் அமர்வு அதை நீக்கியது. ஒரே காகிதங்களைப் பார்த்து இரண்டு இருக்கைகள் இரண்டு விதமாக நினைத்த வழக்கு. இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

9. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். பையர் வந்தால் காட்டுவதற்கென்றே காப்புரிமை கேட்கிறவர்கள் நம்மூரில் உண்டு. அவர்களைத் திருத்த என்னால் முடியவில்லை. ஒரே போனில் பல சிம் போடும் ஏற்பாட்டுக்கு மதுரைக்காரர் ஒருவர் 2002-இல் விண்ணப்பித்து, 2008-இல் காப்புரிமை வாங்கினார். சுங்கத்துறையில் பதிந்து, இறக்குமதியாகும் போன்களையே தடுத்து நிறுத்தினார். கம்பெனிகள் எதிர்த்துப் போக, அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012-இல் அதை ரத்து செய்தது. கொடுக்கும்போது கேட்காத கேள்வியைப் பிறகு யாரும் கேட்கலாம். எதிராளி பணக்காரராக இருந்தால் நிச்சயம் கேட்பார்.

10. விண்ணப்பிக்கும் முன் யாருக்கும் காட்டாதீர்கள். ஜாப் ஒர்க் ஷெட்டில் ஓட்டிக்காட்டுவது, நிட்டிங் கண்காட்சியில் ஸ்டால் போடுவது, வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவது, மூன்றும் ஆபத்து. கண்காட்சிக்குச் சலுகை தரும் 31-ஆம் பிரிவு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான் பொருந்தும். இங்கிலாந்தில் விண்ட்சர்ஃபிங் காப்புரிமை விழுந்த கதை தெரியுமா? 1958-இல் ஹேலிங் தீவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தானே செய்த பாய்ப்பலகையில் எல்லாரும் பார்க்க விளையாடியிருந்தான். 1985-இல் நீதிமன்றம் அதையே எடுத்துக்கொண்டது. ஒரு கண்டுபிடிப்பு துறை அறிந்தவருக்கு வெளிப்படையானதா என்பதை இன்று நான்கு படிகளில் பிரித்துப் பார்க்கும் முறைக்கு அந்தத் தீர்ப்புதான் வேர்.

11. தோற்ற சோதனைகளையும் முதல் நாளிலேயே எழுதிவையுங்கள். தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்தால் 12 மாதத்துக்குள் முழுமையானது கொடுக்க வேண்டும். அந்த ஓராண்டை எண்கள் சேர்க்கப் பயன்படுத்துங்கள். முழுமையானது போன பிறகு 59-ஆம் பிரிவு கையைக் கட்டிவிடும். சுருக்கலாம், விளக்கலாம், திருத்தலாம், புது விஷயம் நுழைக்க முடியாது. ஆட்சேபம் வந்த பிறகு ‘இன்வெர்ட்டர் தொல்லையும் இதில் தீர்ந்தது’ என்று நினைவுக்கு வந்து என்ன பயன்?

12. செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000. தேதிகளைக் கண்டுதான் பயப்பட வேண்டும். 2024 மார்ச் 15 முதல் கொடுத்த விண்ணப்பங்களுக்குப் பரிசோதனைக் கோரிக்கை 31 மாதத்துக்குள் போக வேண்டும், பழைய 48 மாதக் கணக்கை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் அறிக்கைக்கு ஆறு மாதத்தில் பதில், கேட்டால் இன்னும் மூன்று. விசாரணைக்குக் கூப்பிட்டால் வீடியோ வழியாகவே பேசலாம். பேசி முடித்த 15 நாளில் எழுத்து வாதம் போய்ச் சேர வேண்டும். மறுத்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. முன்பு சொன்ன மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், கிண்டி அலுவலக உத்தரவுக்கு இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே போகும்போது உங்கள் சோதனை நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். தேதியும் கையெழுத்தும் இருக்கும் நோட்டாக இருக்கட்டும்.