வாடை வந்தால் யாரைக் கூப்பிடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

மண்ணுக்கு அடியில் பெட்ரோலோ கச்சா எண்ணெயோ எரிவாயுவோ கொண்டுபோகும் நிறுவனத்துக்கு அமெரிக்கச் சட்டம் பல கடமைகளை வைத்திருக்கிறது. குழாய் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும், அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும், வால்வுகளைச் சோதிக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு கடமையும் உண்டு. குழாயின் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். குழாய் எந்த வழியாகப் போகிறது, உள்ளே ஓடுவது என்ன, கசிந்தால் எப்படித் தெரியும், தெரிந்தால் என்ன செய்வது, யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் பொறுப்பு. இதற்குப் பொது விழிப்புணர்வுத் திட்டம் என்று பெயர். கேட்பதற்குத் துண்டறிக்கை விநியோகம் போலச் சாதாரணமாக இருக்கும். ஆனால் செய்யத் தவறினால் அபராதம் வரும் சட்டக் கடமை இது. கசிவைக் கருவிகளுக்கு முன்பே மனித மூக்கு கண்டுகொள்வது அபூர்வமல்ல. அந்த மூக்குக்கு உரியவருக்குச் சரியான தொலைபேசி எண் தெரியுமா என்பதில்தான் பல உயிர்கள் தொங்குகின்றன.

இந்தக் கடமை கடுமையான சட்டமாக மாறியதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1999 ஜூன் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் ஒரு பெட்ரோல் குழாய் உடைந்தது. சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் வாட்கம் ஓடையில் கலந்து தீப்பிடித்தது. ஓடைக்கரையில் இருந்த 10 வயதுச் சிறுவர்கள் இருவரும், மீன் பிடித்துக்கொண்டிருந்த 18 வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1994இல், பக்கத்தில் நீர் சுத்திகரிப்பு நிலைய வேலை நடந்தபோது மண் தோண்டும் இயந்திரம் அந்தக் குழாயைக் கீறியிருந்தது. கீறல் சரிசெய்யப்படாமல் அப்படியே கிடந்தது. நிறுவனத்தின் வேறு குறைகளும் சேர்ந்துகொள்ள, அந்த இடத்திலேயே குழாய் வெடித்தது. தோண்டுகிறவருக்கும் குழாய்க்காரருக்கும் இடையே சரியான பேச்சு நடந்திருந்தால் கதையே வேறு.

அந்த விபத்தும் அதையடுத்து நடந்த வேறு விபத்துகளும் சேர்ந்து 2002இல் குழாய்வழிப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் விழிப்புணர்வுத் திட்டத்தைச் சீரமைக்க வேண்டும் என்றது அச்சட்டம். எப்படிச் சீரமைப்பது என்பதற்கு அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் 2003 டிசம்பரில் 1162 என்ற எண்ணுள்ள பரிந்துரை நூலை வெளியிட்டது. மத்திய அரசின் குழாய்வழி மற்றும் அபாயப் பொருள் பாதுகாப்பு நிர்வாகம் 2005 மே மாதம் அந்த நூலையே விதிக்குள் இணைத்தது. 2006 ஜூன் 20க்குள் பெரும்பாலான நிறுவனங்கள் எழுத்து வடிவில் ஒரு திட்டத்தைத் தயாரித்துவிட வேண்டும் என்பது கெடு. தொழில்துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட பரிந்துரை இப்படிச் சட்டமாயிற்று. வேலை தெரிந்தவர்கள் எழுதியது என்பது அதன் பலம். தங்களால் எளிதில் முடிவதை மட்டும் எழுதிக்கொள்ளும் சலுகையும் அதிலேயே ஒளிந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

யாரிடம் பேச வேண்டும் என்பதை அந்த நூல் நான்கு வகையாகப் பிரிக்கிறது: குழாய் அருகே வாழும் மக்கள், தீயணைப்பு, போலீஸ் போன்ற அவசர உதவித் துறையினர், உள்ளாட்சி அதிகாரிகள், மண் தோண்டும் தொழில் செய்பவர்கள். நெடுந்தூரக் குழாய் என்றால் குடியிருப்போருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, தீயணைப்புத் துறைக்கும் தோண்டுவோருக்கும் ஆண்டுதோறும், உள்ளாட்சி அதிகாரிகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தகவல் போய்ச் சேர வேண்டும். இது குறைந்தபட்சம். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ அருகில் இருந்தால் அதற்கு மேலும் செய்ய வேண்டும்.

சொல்ல வேண்டியதையும் விதி வரையறுத்திருக்கிறது. தோண்டுவதற்கு முன் தகவல் தரும் முறை, கசிவினால் வரக்கூடிய ஆபத்து, கசிவின் அறிகுறிகள், பாதுகாப்புக்குச் செய்ய வேண்டியவை, புகார் சொல்லும் வழி. அறிகுறிகள் கண்ணாலும் காதாலும் மூக்காலும் பிடிபடுபவை. சுற்றிலும் பச்சையாக இருக்கும் புல்வெளியில் ஒரு பட்டை மட்டும் காய்ந்திருக்கும். தரையிலிருந்து சீறல் சத்தம் வரும். குட்டையில் குமிழி கிளம்பும், தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் மினுக்கும். இயற்கை எரிவாயுவுக்குத் தனக்கென்று வாடை கிடையாது. வீடுகளுக்கு வருவதில் மெர்காப்டன் கலந்திருப்பதால் அழுகிய முட்டை வாடை வரும். நெடுந்தூரக் குழாய்களில் எல்லா இடத்திலும் அது கலக்கப்படுவதில்லை, ஆகவே மூக்கை மட்டும் நம்ப முடியாது. கசிவு என்று சந்தேகம் வந்தால் விளக்கு ஸ்விட்சைத் தொடாமல், வண்டியைக் கிளப்பாமல், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக நடந்து விலகி, தொலைவுக்குப் போன பிறகே போன் செய்ய வேண்டும். வால்வை மூடி உதவி செய்கிறேன் என்று யாரும் இறங்கக் கூடாது.

விதியின் ஒரு சிறு பிரிவு தனியாகக் கவனிக்கத் தக்கது. திட்டம் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால் போதாது. அந்தப் பகுதியில் ஆங்கிலம் அறியாதவர்கள் கணிசமான எண்ணிக்கையில் சேர்ந்து வாழ்ந்தால் அவர்களுக்குப் பரவலாகப் புரியும் மொழியிலும் நடத்த வேண்டும். வழவழப்பான தாளில் நான்கு மடிப்பாக வரும் துண்டறிக்கை புரியாத மொழியில் இருந்தால் அது தபால் பெட்டியிலிருந்து நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும். அனுப்பியதற்கான ரசீது மட்டும் நிறுவனத்தின் கோப்பில் பத்திரமாக இருக்கும். புரியும்படி சொல்வதும் கடமையின் பகுதி என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது.

தோண்டுவோர் விஷயத்தில் கிடைத்த வெற்றி 811 என்ற எண். 2007 மே முதல் நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண்தான். வேலி நட ஒரு குழி தோண்டுவதானாலும் சில நாட்களுக்கு முன் இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். நிலத்தடியில் சொத்து வைத்திருக்கும் நிறுவனங்களின் ஆட்கள் வந்து தரையில் வண்ணம் தெளித்துச் சிறு கொடிகளை நட்டுவிட்டுப் போவார்கள். மஞ்சள் என்றால் எண்ணெய் அல்லது எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைபேசி, பச்சை சாக்கடை. வெள்ளை, தோண்டப் போகிறவர் தன் எல்லையைக் காட்டப் போடுவது. மஞ்சள் கொடி வரிசைக்கு அருகில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் பதமாகத் தோண்ட வேண்டும். குழாய்ப் பாதையில் ஆங்காங்கே நிற்கும் அடையாளக் கம்பத்தில் நிறுவனத்தின் பெயர், உள்ளே ஓடும் பொருள், அவசர எண் மூன்றும் இருக்கும். ஆனால் கம்பம் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே குழாய் இருக்கிறது என்று நம்பக் கூடாது. அது ஆழத்தையும் சொல்லாது.

எழுத்தில் அத்தனையும் நன்றாக இருந்தும் நடைமுறையில் என்ன ஆகும் என்பதை மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் ஊர் காட்டியது. 2010 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்குச் சற்று முன், என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 6பி என்ற 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் ஒரு சதுப்பு நிலத்தில் பிளந்துகொண்டது. 1969இல் பதித்த குழாய் அது. கட்டுப்பாட்டு அறை கனடாவின் எட்மன்டனில் இருந்தது. அங்கே அலாரம் அடித்தது. குழாய்க்குள் எண்ணெய் ஓட்டம் அறுந்து நடுவில் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது, அதனால்தான் அழுத்தம் குறைகிறது என்று பணியில் இருந்தவர்கள் எண்ணினார்கள்.

இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஊர்க்காரர் ஒருவர் அவசர உதவி எண்ணான 911க்குப் போன் செய்து கடுமையான வாடை வருவதாகச் சொன்னார். தீயணைப்பு வீரர்கள் உடனே போனார்கள். எரியக்கூடிய வாயுவை அளக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி அக்கம்பக்கத்துத் தொழிற்கூடங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். எதுவும் அகப்படவில்லை, திரும்பினார்கள். அடுத்த 14 மணி நேரத்தில் அதே பகுதியிலிருந்து இன்னும் ஏழு அழைப்புகள் வந்தன. ஏற்கெனவே ஆள் அனுப்பிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்தது. போன் செய்த யாருக்கும் அது கச்சா எண்ணெய்க் குழாயாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. போனை எடுத்தவர்களுக்கும் குழாய் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. மக்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. மூக்கு தன் வேலையைச் செய்தது, விரல் தெரிந்த எண்ணை அழுத்தியது. அதற்கு மேல் அவர்களுக்கு யாரும் பதியும்படி சொல்லியிருக்கவில்லை.

அதற்குள் எட்மன்டனில் வெற்றிடத்தை நிரப்புவதாக நினைத்துத் திங்கட்கிழமை விடியற்காலையிலும் காலையிலுமாக இரண்டு முறை குழாயை மறுபடி இயக்கினார்கள். மொத்தம் வெளியேறிய ஏறக்குறைய 32 லட்சம் லிட்டர் எண்ணெயில் 81 சதவீதம் இந்த இரண்டு முறையில்தான் கொட்டியது. டால்மேஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றுக்குள் போயிற்று. குழாய் பிளந்து 17 மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, முற்பகல் 11 மணி கடந்து, வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் ஓடையில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துவிட்டு என்பிரிட்ஜின் அவசர எண்ணைக் கூப்பிட்டார். குழாய்த் தொழிலில் இருந்தவர் என்பதால் அவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருந்தது. உயிரிழப்பு இல்லை. சுமார் 320 பேருக்கு எண்ணெய் ஆவியால் உடல் உபாதைகள் வந்தன.

விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 ஜூலையில் தன் முடிவுகளை வெளியிட்டது. துருவோடு சேர்ந்து வளர்ந்த விரிசல், கட்டுப்பாட்டு அறையின் தவறு என்பவற்றோடு விழிப்புணர்வுத் திட்டத்தையும் அது நேரடியாகக் குற்றம் சொன்னது. திட்டம் பயனுள்ளதாக இருந்திருந்தால் உள்ளூர் அவசரத் துறையினர் ஆரம்ப அறிகுறிகளைக் கண்டு எண்ணெயைக் கண்டுபிடித்து, குழாயை மறுபடி இயக்குவதற்கு முன்பே நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கக் கூடும் என்பது வாரியத்தின் கருத்து. நிறுவனம் தன் திட்டத்தைத் தானே ஆய்வு செய்த விதமும் குறைகளைக் கண்டுபிடிக்க உதவவில்லை என்றது.

மார்ஷல் விபத்து நடந்த அதே 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்த 95 நிமிடம் பிடித்தது. குடியிருப்புக்கு அடியில் அத்தனை பெரிய குழாய் போவது தீயணைப்புத் துறைக்கே தெரிந்திருக்கவில்லை. குழாயின் விட்டம், அழுத்தம், உள்ளே இருக்கும் பொருள், வெடித்தால் பாதிக்கப்படும் சுற்றளவு ஆகியவற்றை நிறுவனங்கள் அவசரத் துறையினருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாரியம் வலியுறுத்தியது இதற்குப் பிறகுதான்.

அனுப்பியதை எண்ணுவதும் போய்ச் சேர்ந்ததை அளப்பதும் வேறு வேறு வேலை. 1162 நூல் அளவீட்டை நான்கு கேள்விகளாக வைக்கிறது. செய்தி உரியவர்களில் எத்தனை பேரை எட்டியது? படித்தவருக்குப் புரிந்ததா? அதன்படி நடக்கிறார்களா? விபத்தும் தோண்டும்போது நேரும் சேதமும் குறைந்தனவா? முதல் கேள்விக்குத் தபால் பட்டியல் போதும். மற்றவற்றுக்கு மக்களிடம் போய்க் கேட்க வேண்டும், அச்சடிப்பதற்கு முன் துண்டறிக்கையைச் சிலரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்த மதிப்பீடு கட்டாயம். பெரும்பாலான நிறுவனங்களுக்கு முதல் மதிப்பீட்டின் கெடு 2010 ஜூன் 20. மார்ஷலில் குழாய் பிளந்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து.

இனி, விதியை மீறினால் என்ன நடக்கும் என்பது. மாநிலத்துக்குள்ளேயே ஓடும் குழாய்களை மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற மாநில அமைப்புகளும், மாநில எல்லை தாண்டும் குழாய்களைப் பெரும்பாலும் மத்திய நிர்வாகமும் சோதிக்கின்றன. சோதனையாளர் திட்ட ஆவணத்தைக் கேட்பார், பெறுநர் பட்டியலைக் கேட்பார், மதிப்பீட்டின் முடிவைக் கண்டு என்ன மாற்றினீர்கள் என்றும் கேட்பார். கடைசிக் கேள்விதான் கனமானது. சிறு குறை என்றால் எச்சரிக்கைக் கடிதம் வரும். எழுத்து நடைமுறையே போதாதது என்றால் அதைத் திருத்தச் சொல்லும் நோட்டீஸ். மீறல் என்று தோன்றினால் அதற்குரிய நோட்டீஸ் அபராதத் தொகையோடும் இணக்க உத்தரவோடும் வரும். நிறுவனம் 30 நாளுக்குள் ஒப்புக்கொள்ளலாம், மறுத்து எழுதலாம், விசாரணை கேட்கலாம். உயிருக்கோ சொத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் குழாயை நிறுத்தவோ அழுத்தத்தைக் குறைக்கவோ சொல்லும் திருத்த உத்தரவும் உண்டு. தோண்டுகிறவரும் தப்ப முடியாது. 811ஐக் கூப்பிடாமல் தோண்டியவர்மேல் மாநிலம் போதிய நடவடிக்கை எடுப்பதில்லை என்று கண்டால் மத்திய நிர்வாகமே நேரடியாக இறங்கலாம் என்ற விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அபராத உச்சவரம்பு நீண்ட காலம் குறைவாகவே இருந்தது. ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 1 லட்சம் டாலர், ஒரே தொடர்பான மீறல்களுக்கு மொத்தம் 10 லட்சம் டாலர். 2012 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் இரண்டையும் இரட்டிப்பாக்கியது. அதன்பின் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி வருகிறார்கள். பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கு இந்தத் தொகை உறைக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே. சான் புரூனோ விவகாரத்தில் கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2015இல் விதித்த தண்டம் 160 கோடி டாலர். மாநில ஆணையத்தின் கை மத்திய நிர்வாகத்தின் கையைவிட நீளமாக இருந்த சந்தர்ப்பம் அது.

மார்ஷல் விபத்துக்கு மத்திய நிர்வாகம் 2012இல் பல மீறல்களைச் சுட்டிக்காட்டிப் போட்ட அபராதம் 37 லட்சம் டாலர். அந்த நேரத்தில் விபத்தின் செலவே 76 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2016இல் நீதித்துறையோடும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடும் ஏற்பட்ட உடன்பாட்டில் மொத்தத் தொகை 17.7 கோடி டாலர். அதில் 6.2 கோடி அபராதம், குறைந்தது 11 கோடி கசிவுத் தடுப்புப் பணிகளுக்கு. உள்ளூர் அமைப்புகளையும் அழைத்து எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளும் அவசரப் பயிற்சிகளை நடத்த வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டின் நிபந்தனைகளில் சேர்ந்தது.

அன்புடன்,
அண்ணன்