குறைந்த உணவும் தோல், தலைமயிரின் நிலையும்

உண்ணும் உணவு குறைந்தால் உடல் மெலியும் என்பதை யாவரும் அறிவர். அக்குறையைத் தோலும் தலைமயிரும் வெளியே காட்டிவிடுகின்றன என்பதைப் பலர் கருதுவதில்லை.

1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில், ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். தாமே இசைந்து முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைவயிற்று உணவே உண்டனர். நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரிதான். அவர்களது எடையில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தது. தோல் வறண்டு சொரசொரப்பாயிற்று; தலைமயிர் மெலிந்து உதிர்ந்தது.

இதன் காரணம் யாது? வாய்க்காலில் நீர் குறையும்போது கடைமடை வயல்களே முதலில் காய்கின்றன அல்லவா? உடலும் இருக்கும் சத்தை இருதயம், மூளை போன்ற உறுப்புகளுக்கு முதலில் அளிக்கிறது. மயிர்க்கால்கள் கடைமடையில் உள்ளவை. அவை வளர்ச்சியை நிறுத்தி ஓய்வு கொள்கின்றன. ஆயினும் மயிர் உடனே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே உதிரும். பங்குனியில் அரைவயிறு உண்டவருக்கு ஆனியில் மயிர் கொட்டுகிறது. அவரோ புதிதாக வாங்கிய எண்ணெயையும் கிணற்று நீரையும் குறை கூறுகிறார்! எண்ணெய் தோலின் வறட்சியைத் தணிக்கும். உணவின் குறையைத் தீர்க்காது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மயிர் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. சோறு, கம்பு, கேழ்வரகு முதலியவை போதிய அளவு இல்லையேல், உண்ட பருப்பையும் முட்டையையும் உடல் எரிபொருளாகவே செலவிட்டுவிடும். எனவே இரண்டும் வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்களிடம் இக்குறை மிகுதி. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு நோயும்கூட மயிரை உதிர்க்குமாதலால், உதிர்வு நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை.

குழந்தைகள் விஷயத்தில் தாமதம் கூடாது. செம்பட்டை மயிர் வெயிலாலும் வரலாம். அதனை மட்டும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் மயிர் இழுத்தவுடன் கையோடு வருவது, தோல் கருத்து உரிவது, இரு பாதங்களும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுவது ஆகியவை கடும் சத்துக் குறைவின் அடையாளங்கள். வீக்கத்தைச் சதைப்பிடிப்பென்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் அபாயமே. இத்தகைய குழந்தைகளை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று, எடை பார்க்க வராத குழந்தைகள் எவரெவர் என்று கேட்டு, அவ்வீடுகளுக்கு நேரில் செல்லலாம்.