பழைய நிரல் போகும் முன்: தோட்டத்து ஆபீஸ் பிள்ளைகளுக்கு

இறக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு தோட்டத்து ஆபீஸில் கம்பியூட்டர் முன்னால் வேலை பார்க்கிறீர்களா? செக்ரோல், கொழுந்து நிறை, இறப்பர் பால் அளவு, ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல் எல்லாவற்றையும் யாரோ எப்போதோ எழுதிவைத்த நிரல்தான் கூட்டித் தருகிறதா? அந்தக் கோப்பின் பெயர் எதில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். விபிஎஸ் அல்லது ஏஎஸ்பி என்றால், உங்களுக்கு வேலை வந்துவிட்டது.

அப்படிப்பட்ட கோப்புகளைப் பெரும்பாலும் எழுதிய விபிஸ்கிரிப்ட் 1996இல் வந்த மொழி. அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 ஒக்டோபரில் அறிவித்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இன்னும் ஓடுகிறது, வேண்டாமென்றால் கழற்றிவிடக்கூடிய துணைக்கூறாக. 2027 வாக்கில் நாமே முடுக்கினால்தான் ஓடும். அதற்குப் பிறகு ஒரு பதிப்பில் அடியோடு இருக்காது. எக்செல் மேக்ரோவின் விபிஏ வேறு, அது போகவில்லை. ஆனால் மேக்ரோ உள்ளேயிருந்து ஒரு விபிஎஸ் கோப்பைக் கூப்பிட்டால், அந்த வரியில் நின்றுவிடும்.

எந்தப் புது மொழி படிக்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பழைய நிரலை வரிவரியாக வாசித்து, அது என்ன விதிப்படி கணக்குப் போடுகிறது என்று ஒரு கொப்பியில் தமிழில் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஒருவர் 18.5 கிலோ கொழுந்து நிறுத்தார் என்று வையுங்கள். நிரல் அதை முழு எண்ணாக்கினால், விபிஸ்கிரிப்டின் ரவுண்ட் கட்டளை 18 என்று போடும், 19.5 வந்தால் 20 என்று போடும். சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாய்வது அதன் வழக்கம். ஜாவாஸ்கிரிப்ட்டும் பிஎச்பியும் 18.5ஐ 19 ஆக்கும். பைத்தன் மறுபடி 18. மொழியை மாற்றினீர்கள், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, ஆனால் சம்பளத் துண்டு மாறிவிட்டது. எது சரி என்று எந்த மொழியும் சொல்லாது. பெரிய கிளாக்கரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழையிலும் அட்டையிலும் நின்று பறித்த கொழுந்தில் அரைக் கிலோவும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தால், சில கணினிகளில் 29 என்பது 2029 ஆகும், 30 என்பது 1930 ஆகிவிடும். அடையாள அட்டை இலக்கம் 2016 முதல் 12 இலக்கம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் மட்டுமே ஏற்கும் பழைய நிரல் இளையவர்களின் அட்டையைத் தள்ளிவிடும். பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னொரு சிக்கல். திரையில் ‘அம்மா’ என்று தெரிவது தரவுத்தளத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினால், சேமலாபப் பணம் வாங்கப் போகும் நாளில் அந்த ஆள்தான் கொழும்புக்கும் தோட்டத்துக்கும் அலைய வேண்டும்.

குறைந்தது இரண்டு சம்பளத்துக்குப் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டுங்கள். தொழிலாளியின் 8 வீதம், தோட்டத்தின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் என்று தனித்தனியாக ஒப்பிடுங்கள். ஒரு சதம் இடித்தாலும் காரணம் தெரியாமல் விடாதீர்கள்.

இனி மொழி. விண்டோஸில் தானாக ஓடும் சின்ன வேலைகளுக்குப் பவர்ஷெல், உலாவியில் திறக்கும் பக்கங்களுக்குப் பிஎச்பி அல்லது பைத்தன், எதற்கும் எஸ்கியூஎல். பிஎச்பி என்றால் 8ஆம் வரிசையில் தொடங்குங்கள், 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. என்விகியூ சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் பழைய நிரலை உடைக்காமல் மாற்றிக் கொடுத்தவர் என்ற அனுபவத்துக்குத் தனி மதிப்பு உண்டு. வங்கி, காப்புறுதி, அரசாங்கக் கந்தோர் என்று எங்கே போனாலும் இந்தக் கைப்பழக்கம் உதவும்.

நேர்முகத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியிலிருந்து இரண்டு பக்கம் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரும் அடையாள இலக்கமும் அதில் இருக்கக் கூடாது. பழைய விதி, புதிய விதி, எங்கே இடித்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்பது மட்டும் இருக்கட்டும்.