கோளின் சினம்

'சிட் மையர்ஸ் ஆல்ஃபா சென்டாரி' 1999ஆம் ஆண்டில் வெளிவந்த கணினி விளையாட்டு. பூமியிலிருந்து சென்ற விண்கலப் பயணிகள் ஏழு பிரிவினராகப் பிரிந்து வேற்றுக்கோளில் குடியேறுவதே இதன் கதை. சதுரங்கத்தைப் போல் இதையும் முறை வைத்து ஆட வேண்டும். ஒரு முறை என்பது ஓர் ஆண்டு.

புதிதாக ஆடுவோர் பெரும்பாலும் முதல் தளத்தைச் செம்மைப்படுத்துவதிலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிடுவர். அதற்குள் எதிராளி நான்கைந்து தளங்களை அமைத்திருப்பார். ஆகவே, தொடக்கத்தில் கட்டடங்களைவிடக் குடியேற்றக் குழுக்களே முக்கியம். அடுத்து, நிலத்தைப் பண்படுத்தும் வண்டிகள் தேவை. அவற்றைப் பெற, கோளின் சூழலியலை முதலில் ஆராய வேண்டும். எந்த நிலத்தில் என்ன செய்வது என்று புரியாவிட்டால் காடு வளர்க்கலாம். காடு உணவு, கனிமம், ஆற்றல் மூன்றையும் தரும்; பக்கத்து நிலங்களுக்குத் தானாகவே பரவவும் செய்யும்.

பூஞ்சைப் புதர்களில் வாழும் மனப்புழுக்களோ வீரர்களின் மனத்தையே தாக்குபவை. அவற்றின்முன் ஆயுத வலிமை செல்லாது. வீரர்களின் மனவுறுதியே கைகொடுக்கும். தரைப்போரில் தாக்குபவருக்கே சாதகம் அதிகம் என்பதால், புழு நெருங்கும்வரை காத்திராமல் முந்திக்கொள்வது நல்லது.

கனிம உற்பத்தியை அளவின்றிப் பெருக்கினால் கோளே சினம் கொள்ளும். இதைப் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். அதற்குள் அவர்கள் பாடுபட்டு உருவாக்கிய வயல்களைப் பூஞ்சை மூடியிருக்கும். புழுக்கள் தளத்தின் வாசலில் நிற்கும்.