கோழியைப் பிடித்தது யார்?
(தோட்டத்துக்கு வரும் உயிரினங்களைப் பார்க்க, குறைந்த விலையில் கேமரா தேர்ந்தெடுப்பது எப்படி?)



சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஆறு கோழிகளில் மூன்று காணாமல் போய்விட்டன. காலையில் எழுந்து பார்த்தால் கூண்டுப் பக்கம் இறகு மட்டும் கிடக்கும். "கீரிப்புள்ளையா இருக்கும்டி" என்றார் ஆயா. "மரநாய்தான். கொய்யா மரத்துல ராத்திரி சத்தம் கேக்குது இல்ல?" என்றார் பெரியப்பா. முட்டைக்குள் எலி மருந்து வைத்து மரத்தடியில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். அம்மாவுக்கு பயம். என் சின்னத் தம்பி கீழே கிடப்பதை எல்லாம் எடுத்து வாயில் வைப்பான்.

நான் பெரியப்பாவிடம், "ஒரு வாரம் டைம் குடுங்க பெரியப்பா. யாருன்னு கண்டுபிடிச்சு சொல்றேன்" என்றேன். "நீ இன்னா போலீஸா?" என்று சிரித்தார். ஆனாலும் ஒரு வாரம் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றதுதான் இந்தப் பாடம்.

1. காசு இல்லாத கேமரா

முதலில் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "கேமராவுக்கு முன்னாடி மணலைப் பரப்பிப் பாரு" என்றார். மணலைச் சலித்து, கூண்டைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்துச் சமமாகத் தட்டி வைத்தேன். காலையில் தடம் அச்சு வார்த்தது போல விழுந்திருந்தது.

தடம் பார்க்கும் முறை:
* நான்கு விரல், நகக்குறி உண்டு: நாய் அல்லது நரி.
* நான்கு விரல், நகக்குறி இல்லை: பூனை வகை. பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
* ஐந்து விரல், சிறிய பாதம்: கீரி அல்லது மரநாய்.

கூண்டுப் பக்கம் நகக்குறியோடு நான்கு விரல் தடம் இருந்தது. கொய்யா மரத்தடியில் ஐந்து விரல் தடம். ஆக, வருவது இரண்டு பேர்! பெரியப்பாவிடம் காட்டினேன். "தெரு நாய் பகல்லயும்தான் இங்க சுத்துது. இது ஒரு சாட்சியா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். தடம், யார் வந்தார் என்று சொல்லும். எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார் என்று சொல்லாது.

நம் நாட்டில் புலிகளையும் முன்பு காலடித் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். ராஜஸ்தானில் உள்ள சரிஸ்கா காட்டில் புலி இருப்பதாகக் கணக்கு இருந்தது. 2005-இல் போய்த் தேடினால் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் தடத்தை விட்டுவிட்டுத் தானியங்கிக் கேமராவை நம்ப ஆரம்பித்தார்கள்.

2. அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது?

டீச்சர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, நான்கு இரவுக்கு ஒரு தானியங்கிக் கேமராவை வாங்கித் தந்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பச்சையும் பழுப்புமாக இலை நிறம் அடித்திருக்கும்.

நம் உடம்பிலிருந்தும் விலங்குகளின் உடம்பிலிருந்தும் அகச்சிவப்புக் கதிர் வெளிவருகிறது என்று படித்திருக்கிறோம். கேமராவின் முன்னால் உள்ள உணர்வி அந்த வெப்பக் கதிரைத்தான் கவனிக்கிறது. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் வேறுபட்ட ஒரு பொருள் குறுக்கே நகர்ந்தால் உடனே படம் எடுக்கும். யாரும் பட்டனை அழுத்த வேண்டியதில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, நம் ஊர் சித்திரை வெயிலில் தரையே உடம்புச் சூடு அளவுக்குக் கொதிக்கும். அப்போது வித்தியாசம் தெரியாமல் கேமரா ஏமாந்து போகும். இரவிலும் விடியற்காலையிலும்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு, பாம்பு, ஓணான் போன்ற குளிர் இரத்தப் பிராணிகள் பெரும்பாலும் இதில் சிக்காது. "படத்தில் பாம்பு இல்லை, அதனால் தோட்டத்திலும் பாம்பு இல்லை" என்று நினைத்து இருட்டில் வெறுங்காலோடு போகாதீர்கள்!

3. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நம் பள்ளிப் பசுமைப்படைக்கு ஒரு கேமரா வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதனால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும்.

அ) மெகாபிக்சல்: பெட்டியில் 20, 24 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றில் உண்மையான அளவு அதைவிட மிகக் குறைவு. மீதிப் புள்ளிகளைக் கேமராவே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. இந்த எண்ணுக்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம். இரவில் எடுத்த மாதிரிப் படத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஆ) வேகம்: இதுதான் முக்கியம். விலங்கை உணர்ந்ததற்கும் படம் எடுப்பதற்கும் இடையில் எவ்வளவு நேரம்? ஒரு கணக்கு: வினாடிக்கு 3 மீட்டர் ஓடும் பூனை, 1 வினாடியில் 3 மீட்டர் தாண்டிவிடும். படத்தில் வெறும் செடிதான் இருக்கும். அரை வினாடி அல்லது அதற்கும் குறைவாக இருப்பதே நல்லது.

இ) இரவு வெளிச்சம்: வெள்ளை ஃப்ளாஷ் விலங்கை பயமுறுத்தும். அகச்சிவப்பு விளக்கு உள்ளதையே வாங்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் விளக்கில் லேசான சிவப்பு தெரியும், தூரம் வரை அடிக்கும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கே தெரியாது, ஆனால் தூரம் குறைவு. நம் வீட்டுத் தோட்டம் சின்னதுதானே! 940 போதும்.

ஈ) செல்: நான்கு அல்லது எட்டு பென்சில் செல் பிடிக்கும். கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் இதற்கு ஆகாது, சீக்கிரம் தீர்ந்துவிடும். அல்கலைன் செல் நல்லது. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் செல் போட்டால் நாளடைவில் காசு மிச்சம். ஆனால் சாதாரண செல் 1.5 வோல்ட், சார்ஜ் செல் 1.2 வோல்ட். நான்கு செல்லுக்கு 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8 வோல்ட்தான் வரும். சில கேமரா இதில் ஓடாது. கேட்டு வாங்கவும்.

உ) மழை: ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாங்க வேண்டும். ஐபி 65 அல்லது ஐபி 66 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் உள்ளே ரப்பர் விளிம்பு சரியாக உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இடுக்கு இருந்தால் தண்ணீருக்கு முன்பே எறும்பு போய்விடும்.

ஊ) தேதியும் நேரமும்: படத்தின் அடியில் கட்டாயம் வர வேண்டும். இது இல்லாவிட்டால் சாட்சியே இல்லை.

எ) வேண்டாதவை: சிம் கார்டு போட்டு போனுக்குப் படம் அனுப்பும் வகை உண்டு. விலையும் அதிகம், ரீசார்ஜ் செலவும் உண்டு. தோட்டத்துக்கு நடந்து போய் மெமரி கார்டை எடுக்க நமக்குக் கால் இருக்கிறது!

4. கட்டும் முறை (நான் செய்த தவறுகள்)

முதல் இரவு: ஆசையாகக் கார்டைப் போட்டுப் பார்த்தால் 412 படங்கள்! 409 வாழை இலை, 2 எங்கள் ஆயா, 1 என் முகம். மாலை வெயிலில் சூடான இலை காற்றில் ஆட ஆட, கேமரா அதை விலங்கு என்று நினைத்துவிட்டது. எதிரில் உள்ள இலை, புல்லை வெட்டிவிட வேண்டும். சூரியன் நேராக விழாதபடி வடக்குப் பார்த்து வைப்பது நல்லது.

இரண்டாவது இரவு: என் தோள் உயரத்தில் கட்டினேன். ஒரு வால் நுனி மட்டும் விழுந்தது. கீரி, மரநாய் எல்லாம் நம் முழங்காலுக்கும் கீழே நடப்பவை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் போதும். விலங்கு வரும் வழியிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி இருக்கலாம். நேராக வருவதைவிடக் குறுக்கே போவதைத்தான் உணர்வி நன்றாகப் பிடிக்கும். அதனால் வழிக்குப் பக்கவாட்டில் கட்ட வேண்டும்.

இன்னொன்று. கேமராவைப் பக்கத்து வீட்டு வாசல், குளியலறை, மற்றவர் நடக்கும் பாதை பக்கம் திருப்பவே கூடாது. கட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். நமக்கு விலங்கு படம்தான் வேண்டும், மனிதர் படம் வேண்டாம்.

5. மூன்றாவது, நான்காவது இரவு

மூன்றாவது இரவு 11.40 மணிக்கு மரநாய் வந்தது. நீண்ட வால், கறுத்த முகம், அவ்வளவு அழகு! விழுந்து கிடந்த கொய்யாப் பழத்தைத் தின்றது. கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே நடந்து போனது. அன்று கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காவது இரவு, விடியற்காலை 4.12. மூன்று படங்கள். ஒரு நாய் கூண்டின் அடிப்பலகையை மூக்கால் தள்ளுகிறது. இரண்டாவது படத்தில் பலகை தூக்கியிருக்கிறது. மூன்றாவதில் தலை உள்ளே. கோழி கத்தியதும் அம்மா விளக்கைப் போட்டார்கள், நாய் ஓடிவிட்டது. அன்று கோழி தப்பித்தது.

படத்தில் நாயின் ஒரு காது மடிந்திருந்தது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தினமும் நான் பழைய சோறு வைக்கும் நாய் அது. எனக்கு அழுகை வந்தது. பெரியப்பா மூன்று படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பலகை ஆடுதுன்னு ஆறு மாசமா உங்க பெரியம்மா சொல்லிகினு இருந்தா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே அடியில் செங்கல் வைத்து, கம்பிவலை அடித்தார். அதற்குப் பிறகு ஒரு கோழியும் போகவில்லை. நாய்க்கு இப்போதும் சோறு வைக்கிறோம், ஆனால் வாசல் பக்கம்.

யோசித்துப் பாருங்கள். விஷ முட்டை வைத்திருந்தால் மரநாய் செத்திருக்கும். கோழி அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். மரநாய் பழத்தைத் தின்று விதைகளைப் பல இடத்தில் போடுகிறது. கீரியும் ஆந்தையும் வயல் எலியைப் பிடிக்கின்றன. மரநாய், கீரி, நரி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. அவற்றுக்கு விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம்.

உங்களுக்குத் தெரியுமா?

* எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, 1920-களிலேயே காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலி மிதித்தால் தானே படம் எடுக்கும் கேமரா வைத்தார்.
* 1990-களில் உல்லாஸ் கரந்த் கர்நாடகாவின் நாகரஹொளெ காட்டில் கேமரா வைத்துப் புலிகளை எண்ணினார். நம் கைரேகை போல, ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது.
* 2018-19 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலி படம் 76,651 மட்டுமே. ஆயிரம் படத்துக்கு இரண்டுதான்! இது கின்னஸ் சாதனை ஆனது. என்னுடைய 409 வாழை இலையை நினைத்து நான் இப்போது வருத்தப்படுவதில்லை.

முடிவாக,

கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் நம் உத்திரமேரூர். சாட்சி இல்லாமல் ஒரு வாயில்லா ஜீவன் மேல் பழி போடலாமா? முதலில் மணலைப் பரப்புங்கள். பிறகு தேவைப்பட்டால் கேமரா. பசுமைப்படைக்கு ஒன்று வாங்கினால், முறை வைத்து எல்லோர் வீட்டுத் தோட்டத்திலும் நான்கு நான்கு நாள் கட்டலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

கேள்விகள் (விடையைத் தாளில் எழுதி, இந்தச் சுவரிதழின் கீழே செருகவும்):
1. தடத்தில் நான்கு விரல் உண்டு, நகக்குறி இல்லை. வந்தது யார்?
2. சார்ஜ் செய்யும் செல் எட்டு போட்டால் மொத்தம் எத்தனை வோல்ட்? (தொடராக இணைத்தால்)
3. நடுப்பகலில் கேமரா ஏன் ஏமாறுகிறது?



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி