ஆதித்யா சூரியனுக்குப் பக்கத்தில் போகவில்லை

"ஆதித்யா சூரியனுக்குப் பக்கத்தில் போயிருக்கிறதாமே, எரிந்துபோகாதா?" பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், ஆனால் சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் பக்கத்தில் போகவே இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று அது சேர்ந்த இடம் நம்மிடமிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது. சூரியன் இருப்பதோ 15 கோடி கி.மீ. தொலைவில். நூற்றில் ஒரு பங்குதான் கடந்திருக்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து நடத்திய பயணம் இது. அதைப் பற்றி நம் வீடுகளிலாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

ஆதித்யா சேர்ந்த அந்த இடத்துக்கு எல்1 புள்ளி என்று பெயர். அங்கே பூமியின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சமமாகி ரத்தாகிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அதுவும் தவறு. இரண்டு ஈர்ப்பும் சமமாகும் இடம் பூமியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கி.மீ.யிலேயே, நிலவுக்கும் இப்பால் வந்துவிடுகிறது. எல்1-இல் சூரியனின் இழுப்புதான் பல மடங்கு அதிகம். சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றும் எதுவும் பூமியை முந்தி ஓட வேண்டும். இங்கே பூமி பின்னாலிருந்து கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதால், விண்கலமும் நம்மைப் போலவே ஓராண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. அப்புள்ளியைச் சுற்றி வருவதால், இரவோ கிரகணமோ இல்லாமல் சூரியனை இடைவிடாது பார்க்க முடிகிறது.

சூரியனை உண்மையிலேயே நெருங்கியது நாசாவின் பார்க்கர் விண்கலம். 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தொலைவு வரை போனது. அங்குள்ள கரோனாவின், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தின், வெப்பநிலை 10 லட்சம் டிகிரிக்கு மேல். ஆனாலும் பார்க்கர் உருகவில்லை. கையில் தெறிக்கும் மத்தாப்புப் பொறி, வெந்நீரைவிடப் பல மடங்கு சூடானது, ஆனாலும் வெந்நீர்தான் கையைப் பொத்துப்போக வைக்கும். கரோனாவிலும் துகள்கள் மிகக் குறைவு. பார்க்கரைச் சுட்டது பெரும்பாலும் சூரிய ஒளிதான். அதன் 11 செ.மீ. தடிமனுள்ள கார்பன் கவசத்தின் முன்பக்கம் ஏறக்குறைய 1,000 டிகிரிக்குச் சூடேறியபோது, பின்னால் இருந்த கருவிகள் அறை வெப்பத்தில் வேலை செய்தன.

விண்கலம் இருக்கும்போது கொடைக்கானல் சூரிய ஆய்வகம் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியும் காற்றுமண்டலத்தைத் தாண்டி வராது, சூரியப் புயல் கிளம்பும் விதத்தை அவற்றில் பார்க்க மேலேதான் போக வேண்டும். ஆனால் சூரியனின் செயல்பாடு ஏறி இறங்கும் ஒரு சுழற்சிக்கு சுமார் 11 ஆண்டுகள் ஆகின்றன. ஆதித்யாவுக்குத் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டு. கொடைக்கானலிலோ பத்துச் சுழற்சிகளுக்கு மேலான சூரியப் படங்கள் இருக்கின்றன.